கணக்கில் வராத வாசிப்பு

"பானை கொதிக்கிற சத்தம்கூட வரக் கூடாதுன்னா, நாங்க அடுப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குத்தான் போகணும், டீச்சரம்மா" என்றேன் நான்.

"பானை கொதிக்கட்டும்மா. பேச்சுத்தான் வேண்டாம்."

"பேசாம கிண்டினா கஞ்சி கட்டி தட்டிடுமே."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். தலைமை ஆசிரியர் அறையிலிருந்து தூக்கி வந்த இரண்டு நாற்காலிகளை யூக்கலிப்டஸ் மரத்தடியில் எதிரெதிராகப் போட்டிருந்தார். எங்கள் சமையல் கொட்டகையிலிருந்து பத்தடிகூட இருக்காது. பெயர் திரிஃபோனியா. ந்ச்சேயு ஊர்ப் பக்கத்தில் ஆசிரியை. இரண்டாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள் நம் சிச்சேவா மொழியை எவ்வளவு தூரம் வாசிக்கிறார்கள் என்று அளந்து பார்க்க, இந்த ஜூன் மாதம் முழுக்க இவரைப் போன்றவர்களை வண்டியில் ஏற்றி எங்கள் தோவா மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். கூட வந்த இருவர் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் வகுப்பு இவருக்கு.

வகுப்பறையில் வைத்து நடத்த முடியாது. ஜேரே சாரின் இரண்டாம் வகுப்பில் நூற்று முப்பத்து நாலு பிள்ளைகள். பக்கத்துக் கோயிலில் கூரை மாற்றுகிறார்கள், ஆணி அடிக்கும் சத்தம். மிச்சம் இருந்தது எங்கள் மரத்தடிதான். நாங்களும் நகர முடியாது. அறுநூறு பிள்ளைகளுக்கான சோயாமாவுக் கஞ்சி மூன்று பெரிய பானைகளில் கொதித்துக்கொண்டிருந்தது. ஊர்ப் பெண்கள் நாங்கள் முறை வைத்துக் கிண்டுகிறோம், அந்த வாரம் முறை எனக்கும் எனலேசிக்கும்.

"ஒரு பிள்ளை, ஒரு டீச்சர். மூணாவது ஆள் குறுக்க வரவே கூடாது. அதுதான் எங்களுக்குச் சட்டம்" என்றார் திரிஃபோனியா. "கேட்டாலும் கேக்காத மாதிரி இருக்கணும்."

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் எனலேசி முந்திக்கொண்டாள்.

"நாங்க வாயே திறக்க மாட்டோம், டீச்சரம்மா. ரெண்டு விறகு நிக்குதுன்னு நெனச்சுக்குங்க."

எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் பிரசங்கத்தின் நடுவில்கூடப் பேசுகிறவள் அவள். அவர் நாற்காலியைச் சரிசெய்யப் போனதும் மெதுவாகக் கேட்டேன்.

"என்னடி, விறகாயிட்டியா நீ?"

"அக்கா, சும்மா இருங்க. வரிசை நிக்க வைக்கிறாங்க பாருங்க."

ஜேரே சார் தன் வகுப்புப் பெண் பிள்ளைகளை வெளியே அழைத்து மைதானத்தில் ஒற்றை வரிசையில் நிறுத்தியிருந்தார். திரிஃபோனியா ஒரு முனையிலிருந்து எண்ணிக்கொண்டு போனார். பத்தாவது பிள்ளையின் தோளைத் தொட்டார். பெண்ணில் ஐந்து, பையனில் ஐந்து, மொத்தம் பத்துப் பேர் போதுமாம். மறுபடி ஒன்றிலிருந்து. கெட்டிக்காரி, மக்கு என்ற பேச்சே இல்லை, எண்ணிக்கை யார் மேல் விழுகிறதோ அவள்தான். ஜேரே சார் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நன்றாகப் பாடம் சொல்கிற ஒரு பிள்ளையை இரண்டு அடி முன்னால் தள்ளிவிட அவருக்குக் கை துடித்தது எங்களுக்குத் தெரிந்தது.

எனலேசியின் உதடும் கூடவே எண்ணியது. "எட்டு... ஒம்போது..." துடுப்பைப் பிடித்த கையாலேயே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். மாவு ஒட்டிக்கொண்டது.

"அக்கா, விழுந்துடுச்சு."

அவள் மகள் தியான்ஜானேயின் தோளில் திரிஃபோனியாவின் கை இருந்தது.

"விழுந்தா என்ன இப்போ? பரிசா குடுக்கப் போறாங்க?"

"எழுதிக் குடுப்பாங்கல்ல. இந்தப் பிள்ளை வாசிக்கிறான்னு. முத்திரை வச்சு. அண்ணன் முத்திரையைப் பாத்தா வாயை மூடிக்குவார்."

அப்போதுதான் எனக்குக் கிழமை நினைவுக்கு வந்தது. புதன். லமெக்கி மத்தியானம் சைக்கிளில் வருவதாகச் சொல்லியிருந்த புதன்.

லமெக்கி அவளுடைய மூத்த அண்ணன். எங்களில் ஒருத்தியின் பிள்ளைகளுக்குப் படிப்பா, கல்யாணமா, வைத்தியமா, எதுவானாலும் கடைசிச் சொல் தாய்மாமனுடையது. அப்பன் பேசலாம், ஆனால் முடிவு அவன் கையில் இல்லை. எனலேசியின் புருஷனோ கசுங்குவில் புகையிலைத் தோட்டத்தில் கிடக்கிறான், பேசுவதற்குக்கூட ஆள் இல்லை. லமெக்கியின் மனைவிக்கு ஏப்ரலில் இரட்டைப் பிள்ளை, வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். காயம் இன்னும் ஆறவில்லை. பிள்ளை தூக்க ஆள் வேண்டும். தியான்ஜானேயை அனுப்பு என்று கேட்டுவிட்டான். அவளுக்கு ஒன்பது வயது, இரண்டாம் வகுப்பில் இது மூன்றாவது வருஷம்.

"மூணு வருஷமா ஒரே தரையில உக்காந்து தேச்சுக்கிட்டு இருக்கா. அதுக்கு என் வீட்டுல வந்து உக்காந்தா ரெண்டு உயிருக்கு உதவும்" என்று அவன் சொன்னதாக எனலேசி சொன்னாள். "நான் சொன்னேன் அக்கா, அவ வாசிக்கிறாண்ணே, தினம் சாயங்காலம் அடுப்புக்கிட்ட உக்காந்து புத்தகத்தை வாசிக்கிறா, நான் கேக்கறேன்னேன். அப்படியா, புதன்கிழமை வரேன். வாசிச்சா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா கேரியர்ல ஏத்திக்கிட்டுப் போறேன்னுட்டார்."

"நீ கேட்டியே, நல்லா வாசிக்கிறாளா?"

"தண்ணி மாதிரி, அக்கா. ஒரு எடத்துல நிக்க மாட்டா."

எனலேசிக்கு எழுத்து தெரியாது. எனக்கு ஓரளவு தெரியும், கோயில் பாட்டுப் புத்தகம் வரைக்கும்.

முதல் பிள்ளை முடிந்து, இரண்டாவதாகத் தியான்ஜானே வந்தாள். நாற்காலியில் உட்காராமல் அதன் முன்னால் தரையில் முழங்காலிட்டாள், பெரியவர் முன்னால் வேறு எப்படி இருப்பாள்.

"மேல உக்காருடா கண்ணு" என்றார் திரிஃபோனியா.

நுனியில் உட்கார்ந்தாள். எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறங்கிவிடத் தயாராக.

"இது பரீட்சை இல்ல. ஒரு விளையாட்டு மாதிரி. நீ எப்படிச் செஞ்சேன்னு உங்க சாருக்குச் சொல்ல மாட்டேன். உன் பேரைக்கூட நான் எழுத மாட்டேன். செய்யப் பிடிக்கலைன்னா நீ எழுந்து போகலாம், யாரும் திட்ட மாட்டாங்க. செய்யலாமா?"

"ஈ" என்று சரி சொன்னாள் தியான்ஜானே, தரையைப் பார்த்தபடி.

நாற்காலியில் இருக்கும் பெரியவரிடம் மாட்டேன் என்று சொன்ன பிள்ளையை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. அதற்கு நான் சிரித்தேன். எனலேசி சிரிக்கவில்லை. அவள் காதில் வேறொன்று விழுந்திருந்தது. என் பக்கம் குனிந்து உதட்டை மட்டும் அசைத்தாள்: பேரை எழுத மாட்டாங்களாமே?

நான் உதட்டில் விரல் வைத்தேன்.

திரிஃபோனியா ஒரு வழவழப்பான தாளை நீட்டினார். அதில் வரிசை வரிசையாக எழுத்துகள். அவர் மடியில் சிலேட்டுப் போன்ற கருவி, அதில் ஒரு கடிகாரம். "ஒவ்வொரு எழுத்தும் என்ன சத்தம்னு சொல்லணும். இங்கேர்ந்து இப்படி. தெரியலேன்னா அடுத்ததுக்குப் போகலாம். தொடங்கு."

தியான்ஜானே ஒன்றும் சொல்லவில்லை.

திரிஃபோனியா கொஞ்சம் பொறுத்து, அடுத்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். "இது?"

ஒன்றும் இல்லை.

"இது?"

பத்து எழுத்துக்கும் அப்படித்தான். கோயில் கூரையில் ஆணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பத்தோடு அவர் தாளைத் திருப்பி வைத்தார். "சரி. பரவாயில்ல. வேற ஒண்ணு பாப்போம்." குரலில் கோபமும் இல்லை, மெச்சலும் இல்லை. மோர் மாதிரி ஒரு குரல். அப்படித்தான் பேச வேண்டும் என்று பழக்கியிருப்பார்கள் போல.

அடுத்த தாளில் இரண்டிரண்டு எழுத்தாகச் சேர்ந்தவை. அதற்கும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் பத்து. மறுபடியும் "சரி, பரவாயில்ல."

எனக்கு அடிப்பிடித்த வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால் எனலேசியின் கை நின்றுபோயிருந்தது. அவள் பானையைப் பார்க்கவில்லை. நான் அவள் விலாவில் இடித்தேன். அவள் கையை அசைக்கவில்லை, கண்ணால் மகளைக் காட்டினாள்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். தியான்ஜானே தாளையே பார்க்கவில்லை. டீச்சரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜேரே சார் வகுப்பு எப்படி நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும், தினமும் கொட்டகையில் நின்று கேட்கிறோமே. சார் ஒரு வரி வாசிப்பார். நூற்று முப்பத்து நாலு தொண்டையும் அதைத் திருப்பிச் சொல்லும். சார் அடுத்த வரி. மறுபடி எல்லோரும். யாராவது ஒரு துடுக்குப் பிள்ளை சாருக்கு முன்னால் வாய் திறந்துவிட்டால், "என்னை முந்திக்கிட்டு எங்க ஓடற, சந்தைக்கா?" என்பார், வகுப்பே சிரிக்கும். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நூற்று முப்பத்து நாலு பேரை ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னால், கடைசிப் பிள்ளையின் முறை வருவதற்குள் அவளுக்குக் கல்யாண வயசாகிவிடும்.

இந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருந்தது. பெரியவர் முதலில் சொல்வார், அப்புறம் நாம் சொல்ல வேண்டும் என்று. டீச்சர் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று அதற்கு விளங்கவில்லை. அவ்வளவுதான். அவருக்கோ அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சட்டம் அவர் வாயைக் கட்டியிருந்தது.

மூன்றாவது தாளில் கதை. நாலைந்து வரி. "இதைச் சத்தமா வாசி. தொடங்கு."

பிள்ளை அவர் வாயைப் பார்த்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் எனலேசியின் முந்தித் துணியைப் பிடித்தேன், பிடித்தது பிரயோஜனப்படவில்லை.

"தியான்ஜானே, அவங்க சொல்ல மாட்டாங்கடி. நீதான் மொதல்ல சொல்லணும்."

திரிஃபோனியா நிமிர்ந்தார்.

"அம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கருவியில் எதையோ அழுத்தினார். கடிகாரம் நின்றுவிட்டது.

"இப்ப வாசிப்பா, டீச்சரம்மா. பாருங்களேன். அவளுக்குப் புரியலை, அதான்."

"வாசிச்சாலும் நான் இனிமே எழுத முடியாதும்மா. வெளியாள் சொல்லிக் குடுத்துட்டா அது செத்துப் போச்சு. இதை அழிச்சிட்டு வேற ஒரு பிள்ளையைக் கூப்பிடணும்."

"நான் சொல்லிக் குடுக்கலையே. ஒரு எழுத்துகூடச் சொல்லலை."

"தெரியும். நீங்க என்ன சொன்னீங்கன்னும் தெரியும். ஆனா சொன்னீங்கல்ல?"

எனலேசி துடுப்போடு அப்படியே முழங்காலிட்டாள். துடுப்பிலிருந்து கஞ்சி மண்ணில் வழிந்தது. "மன்னிச்சிடுங்க. அந்தப் பத்து பேர்ல அவ இருக்கட்டும். நான் இங்கேர்ந்தே போயிடறேன். கிணத்துக்கிட்ட போய் நிக்கிறேன்."

"எழுந்திரிங்கம்மா. நான் கோபப்படலை. அழிஞ்சது அழிஞ்சதுதான், என் கையில இல்ல." அவர் பிள்ளையின் பக்கம் திரும்பினார். குரல் பழையபடி மோராகிவிட்டது. "நீ ஒரு தப்பும் பண்ணலை, கண்ணு. இந்தா." எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பதுபோல ஒரு பென்சிலை நீட்டினார். தியான்ஜானே இரண்டு கையாலும் வாங்கி, முழங்காலை மடித்து, வகுப்புக்கு ஓடினாள்.

ஜேரே சார் வேறொரு பெண்ணை அனுப்பினார். அவள் வந்து, உட்கார்ந்து, ஏதோ கொஞ்சம் சொன்னாள். நாங்கள் கேட்கவில்லை. நிஜமாகவே விறகாகிவிட்டோம். நான் அடிப்பிடித்த கஞ்சியை வேறு பானைக்கு மாற்றினேன். எனலேசி விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என் வாயாலயே அவளை ஏத்தி அனுப்பிட்டேன், அக்கா."

"பேசாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? முட்டை. முட்டைக்கு முத்திரை குத்திக் குடுப்பாங்களா?"

"பேர் இருந்திருக்கும்ல."

"பேரே எழுத மாட்டோம்னாங்களே, கேட்டியா இல்லையா? அவங்க உன் பிள்ளையைப் பாக்க வரலைடி. மாவட்டத்தைப் பாக்க வந்திருக்காங்க. சந்தையில ஒரு கைப்பிடி நிலக்கடலையை வாயில போட்டுப் பாத்துட்டு மூட்டையை வெலை பேசறோம்ல, அந்த மாதிரி. அந்தக் கைப்பிடியில இருக்கிற கடலைக்கு யாரு கடுதாசி குடுப்பா?"

"அப்ப யாருக்குத் தெரியும், என் பொண்ணு வாசிக்கிறாளா இல்லையான்னு?"

அவளே சொல்லிக்கொண்டாள், "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்ல மாட்டாங்க."

இடைவேளை மணி அடித்தது. அறுநூறு குவளைகள் வந்தன. பிளாஸ்டிக், தகரம், வாளி மூடி, ஒருவன் சட்டியே கொண்டுவந்தான். ஊற்றி முடிக்க அரை மணி ஆயிற்று. கூட்டம் கலைந்தபோது திரிஃபோனியா தன் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கையைத் தேய்த்துக்கொண்டார். எங்கள் பக்கம் ஜூன் மாதம் குளிர்காலம், அந்தக் குளிரில் காலையிலிருந்து நிழலில் உட்கார்ந்திருந்தவர்.

"கஞ்சி ஊத்தவா?" என்றேன்.

"பிள்ளைங்க கஞ்சி எனக்கு வேண்டாம்மா. தீக்கிட்ட கொஞ்சம் நிக்கிறேன்."

நின்றார். எனலேசி பானையைத் தேய்த்துக்கொண்டே, அவர் முகத்தைப் பாராமல் கேட்டாள்.

"டீச்சரம்மா, உங்க பத்துப் பேரைப் பத்திக் கேக்கலை. என் பொண்ணைப் பத்திக் கேக்கறேன்."

"பத்துப் பேரைப் பத்திக் கேட்டா நான் சொல்ல மாட்டேன்."

"அவதான் பத்துல இல்லையே."

திரிஃபோனியா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"இல்லதான்" என்றார். "அவளைக் கூப்பிடுங்க."

தியான்ஜானே கஞ்சி மீசையோடு வந்தாள். திரிஃபோனியா பையைத் திறக்கவில்லை, அந்தத் தாள்களை வெளியில் காட்டக் கூடாதாம். அடுப்பிலிருந்து அணைந்த குச்சி ஒன்றை எடுத்து, குந்தி உட்கார்ந்து, சாம்பலைத் தரையில் பரப்பி அதில் எழுதினார். பிள்ளையும் குந்தினாள். இப்போது நாற்காலி இல்லை, இரண்டு பேரும் ஒரே உயரம்.

"இது எனக்கு என்னன்னு தெரியாது. நான் சொல்லவே மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் இப்படியே உக்காந்திருப்பேன். நீதான் எனக்குச் சொல்லணும்."

தியான்ஜானே அவர் உதட்டைப் பார்த்தாள். உதடு மூடியே இருந்தது. அம்மாவைப் பார்த்தாள். எனலேசி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் பிள்ளை சாம்பலைப் பார்த்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கழுவப் போட்ட பானையில் தண்ணீர் சூடாகி ஆவி வந்துவிட்டது.

"மோ" என்றாள்.

திரிஃபோனியா அசையவில்லை.

"தோ."

அவள் விரலை ஒன்றிலிருந்து மற்றதற்கு இழுத்தாள். வாய்க்குள் ஏதோ அசைபோட்டாள். பிறகு "மோத்தோ" என்றாள். சொன்னவுடன் தலை தானாகத் திரும்பி எங்கள் அடுப்பின் நெருப்பைப் பார்த்தது. மோத்தோ என்றால் நெருப்பு, சாம்பலில் எழுதியிருந்தது அதுதான். யாரும் அவளுக்கு அடுப்பைக் காட்டவில்லை.

எனலேசி என் தோளில் சாய்ந்தாள்.

அடுத்து ஆடு என்று எழுதினார். அதையும் துண்டு துண்டாகப் பிடித்துவிட்டாள். கோழியில் மாட்டிக்கொண்டாள், எங்கள் மொழியில் அந்தச் சொல்லின் முன்னால் நிற்கிற மூன்று எழுத்துக் கூட்டம் அவளுக்குப் பிடிபடவில்லை. தண்ணீரை வேறு ஏதோவாகச் சொன்னாள். எட்டு வார்த்தையில் நாலு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தில் ஒரு பானை துலக்கலாம்.

"போதும்டா கண்ணு. போய் விளையாடு."

பிள்ளை போனதும் திரிஃபோனியா எனலேசியிடம் கேட்டார், "சாயங்காலம் அடுப்பு வெளிச்சத்துல புத்தகம் வாசிப்பாளா? வேகமா?"

"வேகமா. நிக்கவே மாட்டா."

"அடுப்பு வெளிச்சம் அணைஞ்சாலும்?"

எனலேசி பதில் சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள். அவள் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. இருட்டில் தகரக் கூரை மேல் மழை மாதிரி ஓடுகிற மகளின் குரலை நினைத்துப் பார்த்தாள்.

"அணைஞ்சாலும்" என்றாள்.

"அது சார் சொல்லி இவ மனசுல ஏறினது, அம்மா. பாட்டு மாதிரி. அது கெட்டது இல்ல. ஆனா அது வாசிப்பு இல்ல. இப்ப சாம்பல்ல பண்ணினாளே, அது வாசிப்பு. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பக் கொஞ்சம். ரெண்டாம் வகுப்புக்குப் பத்தாது. ஆனா எப்படிச் சேக்கறதுன்னு அவளுக்குப் புரிஞ்சிருக்கு. அது புரியாம எத்தனையோ பேர் மேல் வகுப்புக்குப் போயிடறாங்க."

"ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எம்மக வாசிக்கிறான்னு."

"சொன்னா என்ன. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டீங்க."

"இப்ப வீட்டுல நிறுத்தினா?"

"நிறுத்தினா மறந்துடும். அவ்வளவு கொஞ்சம்தான் இருக்கு." அவர் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டார். "யாராவது தினம் அவ பக்கத்துல வாயை மூடிக்கிட்டு உக்காரணும். எழுத்து தெரிஞ்சவங்களா இருக்கணும்னுகூட இல்ல. அவ சொல்ற வரைக்கும் பொறுத்திருக்கணும்."

"வாயை மூடிக்கிட்டா?" என்றேன் நான். "அதுக்கு வேற ஆள் பாக்கணும்."

எனலேசிகூடச் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

எழுதித் தர முடியுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். வெள்ளை வண்டி வந்து ஒலி எழுப்பியது, அவர்கள் போய்விட்டார்கள்.

லமெக்கி ஒரு மணி வாக்கில் வந்தான். சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கை மடித்துக் கட்டியிருந்தான், பிள்ளை உட்கார்ந்தால் குத்தாமல் இருக்க. அதைப் பார்த்ததும் எனக்கு அவன் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. கண் குழி விழுந்திருந்தது, தூங்கிப் பல நாள் ஆன மனுஷன். எனலேசி முழங்காலிட்டுக் கை தட்டி வணக்கம் சொன்னாள். வீட்டில் எல்லோரும் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று சுற்றி வந்து கேட்டு முடித்தார்கள்.

"அண்ணிக்குப் புண்ணு?"

"ஒரு பக்கம் மூடுது, ஒரு பக்கம் திறக்குது. ஒருத்தன் அழுதா இன்னொருத்தனும் அழறான். நான் சோளம் இன்னும் உதிர்க்கலை." அவன் விறகின் மேல் உட்கார்ந்தான். "எங்க அவ? புத்தகத்தை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. வாசிக்கிறாளா பாத்துட்டுப் போறேன்."

நான் எனலேசியைப் பார்த்தேன். புத்தகத்தைக் கொடுத்தால் போதும். தண்ணீர் மாதிரி ஓடும். லமெக்கி தலையாட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவான். சரியான பக்கத்தைத் திறந்து வைத்தால் முடிந்தது. அவளுக்கும் அது தெரியும்.

"வேண்டாண்ணே" என்றாள். "அவ வாசிக்க மாட்டா."

"நீதானே வாசிக்கிறான்னே?"

"தப்பாச் சொன்னேன். மனப்பாடம் சொல்றா. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்ப சரி." அவன் எழுந்தான். சந்தோஷமாக எழவில்லை. "துணியைக் கட்டிக் குடு."

"குடுக்க மாட்டேன்."

லமெக்கி காதில் சரியாக விழாதவன் மாதிரி நின்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அண்ணனிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

"பேசினது என்ன, புள்ள? வாசிச்சா இருக்கட்டும், இல்லேன்னா வரட்டும். நீயும் சரின்னே."

"சொன்னேன். அது தப்பான பேச்சுண்ணே. வாசிக்கத் தெரிஞ்சிருந்தா தைரியமா அனுப்பியிருப்பேன். ரெண்டு வருஷம் உங்க பிள்ளையைத் தூக்கிட்டு வந்தாலும் அது அவகிட்டயே இருக்கும். இப்ப நாலு வார்த்தைதான் இருக்கு. முதுகுல பிள்ளையைக் கட்டினா மூணு நாள்ல உதிர்ந்து போயிடும். நான் பாத்தேன், சாம்பல்ல எழுதினதைப் பாத்துட்டு நெருப்பைத் திரும்பிப் பாத்தா. யாரும் சொல்லிக் குடுக்கலை."

"யாரு சொன்னா உனக்கு இதெல்லாம்?"

"வந்த டீச்சரம்மா."

"கடுதாசி குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப இந்தக் குடும்பத்துக்கு இப்ப யாரு பெரியவங்க? வண்டியில வந்த டீச்சரம்மாவா?"

"நீங்கதான்" என்றாள் எனலேசி, முழங்காலில் இருந்தபடியே. "நீங்க பெரியவரா இருங்க. பிள்ளை இங்கதான் இருப்பா."

லமெக்கி என் பக்கம் திரும்பினான். "கேக்கறீங்களா, ஸியோனே அம்மா?"

"நான் விறகு. எனக்குக் காது இல்ல" என்றேன்.

அவன் சைக்கிள் மணியை ஒருமுறை காரணமில்லாமல் அடித்தான். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கு யாரும் இல்ல, எனலேசி. உன் அண்ணி குனிய முடியாம நிக்கிறா. நான் ஆம்பளை, துணியை அலசினா ஊர் வேடிக்கை பாக்குது" என்றான்.

"தெரியும். செவ்வாயும் வெள்ளியும் நான் வரேன். விடியறதுக்குள்ள கிளம்பினா வெயில் ஏறும்போது வந்துடுவேன். துணி, சோளம், தண்ணி எல்லாம் பாத்துட்டுச் சாயங்காலம் திரும்பிடறேன். அண்ணி குனிய வேண்டாம்."

"போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்."

"நடக்கத் தெரியும்."

"தங்கச்சி வந்து அண்ணன் வீட்டுத் துணியை அலசறான்னு பேசுவாங்க."

"பேசறவங்க அலச வருவாங்களா?"

நான் ஒரு குவளையில் பானை அடியில் மிச்சம் இருந்த கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். அடிப்பிடித்த கஞ்சிதான். நின்றுகொண்டே குடித்தான். குடித்து முடித்து, குவளையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இந்த வெள்ளியே வா" என்றான். கேரியரில் கட்டிய சாக்கை அவிழ்க்காமலேயே போனான்.

இதெல்லாம் நடந்து ஐந்து வாரம் ஆகிறது. எனலேசி ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை, கால் வெடித்திருக்கிறது. லமெக்கியின் மனைவிக்குப் புண் மூடிக்கொண்டு வருகிறது, ஆனால் பையன்களில் இளையவனுக்குச் சளி. தியான்ஜானே மூன்றாம் வகுப்புக்குப் போவாளா, மறுபடி அதே தரையா என்று ஜேரே சார் ஜூலை கடைசியில்தான் சொல்வார். எனலேசி வீட்டில் இல்லாத சாயங்காலங்களில் பிள்ளை என் அடுப்புக்கு வருகிறாள். சாம்பலில் எழுதி வைத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதில் அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று யாரும் கேட்பதில்லை. நேற்று ஒரு வார்த்தைக்கு அவள் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் அடுப்பில் சுள்ளியைத் தள்ளினேன், மூக்கைச் சிந்தினேன், கோழியை விரட்டினேன். அவள் கையைக் காட்டி, "பெரியம்மா, சும்மா இருங்க, வந்துக்கிட்டு இருக்கு" என்றாள்.